தோயோ கெய்ஸாய்: 130 ஆண்டுகளாக வெளிவரும் ஜப்பானிய வணிக இதழ் பேரரசை எதிர்த்ததா, பணிந்துபோனதா?

கேட்டவர் எழுதியதன் சாரம் இது: ஜப்பானில் 1895இல் தொடங்கி இன்றும் வெளிவரும் தோயோ கெய்ஸாய் என்ற வணிக வார இதழ், பேரரசு வலுவாக இருந்த காலத்திலேயே காலனிகளைக் கைவிடும்படி எழுதியது என்று படித்திருக்கிறார்; கம்பெனிகளையும் பங்குச்சந்தையையும் நம்பிப் பிழைக்கும் ஒரு பத்திரிகைக்கு அது எப்படி முடிந்தது, அல்லது அது போருக்குப் பிறகு புனைந்த பெருமைதானா என்று கேட்கிறார்; எங்கிருந்து படிக்கத் தொடங்குவது என்றும் கேட்கிறார். இதழின் கடந்தகாலத்தைப் பற்றிய கேள்வியைப் போல இது தோன்றினாலும், பணக்கணக்கு எழுதும் ஒரு தாள் மனசாட்சியைப் பற்றியும் எழுத முடியுமா, இரண்டும் ஒன்றையொன்று கெடுக்காமல் ஒரே பக்கத்தில் இருக்க முடியுமா என்பதே அவர் அறிய விரும்புவது என நினைக்கிறேன். முடியும் என்பது என் பதில். அந்த இதழைப் பொறுத்தவரை அதன் மனசாட்சியே பெரும்பாலும் கணக்கிலிருந்துதான் பிறந்தது. ஆனால் 1931க்குப் பிந்தைய காலத்தைப் பற்றிச் சொல்லும்போது இந்த உறுதி எனக்குக் குறைகிறது. அதைப் பின்னால் விளக்குகிறேன்.

நான் வரலாற்றுப் பேராசிரியன் அல்லன். ஜப்பானிய நிறுவனங்களின் நிதி அறிக்கைகளை இருபது ஆண்டுகளுக்கு மேலாக மொழிபெயர்த்து வருபவன். இந்த இதழை வெளியிடும் நிறுவனத்தின் காலாண்டுக் கையேடு என் மேசையில் இல்லாத நாளே கிடையாது; அதன் வழியாகத்தான் பழைய இதழ்களிடமும் அதன் ஆசிரியராக இருந்த இஷிபாஷி தன்ஸானின் எழுத்துகளிடமும் போய்ச் சேர்ந்தேன். நிறுவனத்தின் உள் ஆவணங்களைப் பார்த்தவன் அல்லன் என்பதால், அச்சில் வந்ததையும் ஆய்வாளர்கள் நிறுவியதையும் மட்டுமே சான்றாகக் கொள்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம். இது ஜப்பானின் முதல் பொருளாதார இதழ் என்று சிலர் எழுதுகிறார்கள், அது சரியன்று. தாகுச்சி உகிச்சி 1879இல் 'தோக்யோ கெய்ஸாய் ஸாஷ்ஷி' என்ற இதழைத் தொடங்கியிருந்தார். லண்டன் 'எக்கானமிஸ்ட்' இதழை முன்மாதிரியாகக் கொண்ட அது தடையற்ற வாணிபத்தை ஓயாமல் வலியுறுத்தியது. 1923இல் காந்தோ நிலநடுக்கம் நேர்ந்த ஆண்டில் நின்றுபோனது. எனவே தோயோ கெய்ஸாய் முதலாவது இதழ் அன்று. தொடங்கியவற்றுள் நிலைத்து நின்ற மிகப் பழைய வணிக வார இதழ் என்று சொல்வதே பொருந்தும். பெயரையும் சற்று விளக்க வேண்டும். 'தோயோ' என்றால் கிழக்குலகம். 'கெய்ஸாய்' இன்று பொருளாதாரத்தைக் குறித்தாலும், உலகை ஒழுங்குபடுத்தி மக்களின் துயர் துடைத்தல் என்னும் பழைய சீனத் தொடரின் சுருக்கம் அது. தொடக்கத்தில் இதழின் பெயரில் 'ஷின்போ', அதாவது புதுச்செய்தி, என்ற சொல்லும் சேர்ந்திருந்தது.

நிறுவியவர் மச்சிதா சூஜி. வடக்கே அகிதாவில் 1863இல் பிறந்து, நாளிதழ் ஒன்றில் பணியாற்றி, ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் சுற்றிப் பார்த்துத் திரும்பியவர். பிரிட்டனில் பொருளாதார இதழ்கள் அரசின் வரவுசெலவுத் திட்டத்தை வரிவரியாகப் பிரித்துப் பார்ப்பதைக் கண்டு, அத்தகைய ஒன்று தம் நாட்டுக்கும் வேண்டும் என்று கருதினார். 1895 நவம்பர் 15 அன்று முதல் இதழ் வந்தது. அப்போது பத்து நாளைக்கு ஒருமுறை வெளிவந்தது. சீனாவுடனான போர் முடிந்து ஷிமோனோசெகி உடன்படிக்கை ஏப்ரலில் கையெழுத்தாகி ஏழு மாதங்களே ஆகியிருந்தன. 20 கோடி தேல் (சீன எடை அளவு) வெள்ளி போர் இழப்பீடாக வருகிறது. தைவான் கைக்கு வந்துவிட்டது. எங்கும் புதிய கம்பெனிகள் முளைக்கின்றன. அந்த இழப்பீட்டைக் கொண்டுதான் ஜப்பான் 1897இல் ஒரு யென்னுக்கு 0.75 கிராம் தங்கம் என்ற அளவில் பொன் திட்டத்துக்கு, அதாவது நாணய மதிப்பைத் தங்கத்தோடு பிணைக்கும் முறைக்கு, மாறியது. போரின் வருமானத்தில் நாடு மிதந்த வேளையில் பிறந்த இதழ், பிற்காலத்தில் அந்தப் போர் வழியின் வரவுசெலவையும், 1897இல் நிறுவிய அதே நாணய மதிப்பையும் கேள்விக்கு உள்ளாக்கியது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நலமான பொருளாதாரச் சமூகம் நலமான தனிமனிதர்களின் வளர்ச்சியிலிருந்தே வரும் என்ற கருத்தும், அரசைக் கண்காணிப்பதும் தொழில்துறையினருக்கு அறிவுரை சொல்வதும் இதழின் வேலை என்ற அறிவிப்பும் தொடக்க நாள்களிலேயே இடம்பெற்றன.

மச்சிதா இரண்டே ஆண்டுகளில் ஜப்பான் வங்கிக்குப் போய்விட்டார். பிறகு அரசியலில் ஏறி மின்செய்தோ கட்சியின் தலைவராகவும் அமைச்சராகவும் ஆனார். ஆனால் இதழைத் தம் குடும்பச் சொத்தாக்கவில்லை. 1897இல் அதை அமானோ தமேயுகியிடம் ஒப்படைத்தார். அமானோ, பின்னால் வசேதா பல்கலைக்கழகமாக வளர்ந்த கல்விக்கூடத்தை நிறுவியவர்களுள் ஒருவர். ஜான் ஸ்டூவர்ட் மில்லின் பொருளியலை ஜப்பானிய மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தியவர். அவருக்குப் பின் உயெமாட்சு ஹிசாஅகி, 1912 முதல் மியுரா தெட்சுதாரோ, 1924இன் முடிவில் இஷிபாஷி தன்ஸான் என்று ஆசிரியர் பொறுப்பு அலுவலகத்துக்குள்ளேயே கைமாறியது. 1907இல் இதழ் ஒரு கூட்டு நிறுவனமாக மாறியபோதும் அதன் பங்காளிகளாக இருந்தவர்கள் அங்கே எழுதியவர்களுள் முதன்மையானவர்கள்தாம். 1921இல்தான் அது பங்கு நிறுவனமாயிற்று. ஆயுளின் இரகசியத்தைக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்களின் துணிவைப் பேசுகிறார்கள். நான் இந்த உடைமை ஏற்பாட்டைத்தான் முதலில் காட்டுவேன். மித்சுயி, மித்சுபிஷி போன்ற தொழிற்குடும்பங்களுள் எதுவும் இந்த இதழின் முதலாளியாக இல்லை. முதலாளி நினைத்தால் தலையங்கத்தை மாற்றிவிடலாம் என்ற நிலை அங்கே இல்லாததால், ஒரு தலைமுறை ஆசிரியர் வகுத்த நெறியை அடுத்த தலைமுறை அப்படியே எடுத்துக்கொள்ள முடிந்தது.

அந்த நெறி வெறும் வணிகச் செய்தியாக நின்றுவிடவில்லை. 1910இல் 'தோயோ ஜிரோன்' என்ற சமூக, அரசியல் மாத இதழையும் அதே அலுவலகம் தொடங்கியது. ஜப்பானிய சோசலிச இயக்கத்தின் முன்னோடியும், பின்னாளில் மாஸ்கோவில் கிரெம்ளின் மதிலருகே அடக்கம் செய்யப்பட்டவருமான கதயாமா சென் 1909 முதல் சில ஆண்டுகள் இங்கேதான் சம்பளம் பெற்று எழுதினார். தொழிலதிபர்கள் படிக்கும் இதழில் ஒரு சோசலிசவாதி வேலை பார்த்தது எனக்கு இன்றும் வியப்பைத் தருகிறது. அந்த மாத இதழுக்காகத்தான் 1911 ஜனவரியில் இஷிபாஷி சேர்க்கப்பட்டார். அவர் 1884இல் பிறந்தவர், நிச்சிரென் பௌத்தத் துறவியின் மகன், வசேதாவில் மெய்யியல் படித்தவர். பொருளியல் அவர் படித்த பாடமே அன்று. 1912இல் மாத இதழ் தாய் இதழுடன் இணைந்தபோது அவரும் அங்கே வந்தார். வேலையில் அமர்ந்த பிறகுதான் பொருளியல் நூல்களைத் தாமாகப் படித்துக் கற்றார். மெய்யியல் மாணவராக அவர் பெற்ற பயன்வழிச் சிந்தனை, எந்தக் கொள்கையையும் அதன் விளைவைக் கொண்டே எடைபோட வேண்டும் என்ற பழக்கம், இந்தக் கணக்கு மேசையில் தனக்கு ஏற்ற கருவியைக் கண்டுகொண்டது என்பது என் கணிப்பு.

பேரரசு பற்றிய வாதத்தை முதலில் கட்டியவர் இஷிபாஷி அல்லர், மியுரா. 1913இல் அவர் 'பெரிய ஜப்பானா, சிறிய ஜப்பானா' என்ற வினாவை இதழில் வெளிப்படையாக வைத்து, இராணுவச் செலவும் காலனிச் செலவும் நாட்டின் தொழிலையும் கல்வியையும் விழுங்குகின்றன என்று எழுதினார். 'சிறிய ஜப்பான் கொள்கை' என்ற பெயர் அங்கிருந்துதான் நிலைத்தது. இஷிபாஷியின் பெயர் பெரிதாகிவிட்டதால் மியுராவைப் பலர் மறந்துவிடுகிறார்கள், அது நியாயமன்று. 1914இல் ஜப்பானியப் படை ஜெர்மானியரிடமிருந்து சீனத் துறைமுகமான சிங்தாவைப் பிடித்தபோது, அதை வைத்துக்கொள்ளவே கூடாது என்று இதழ் எழுதியது. சீனாவின் மீது 1915இல் சுமத்தப்பட்ட 21 கோரிக்கைகளையும், பிறகு சைபீரியாவுக்குப் படை அனுப்பியதையும் எதிர்த்தது. 1919 மார்ச்சில் கொரியாவில் எழுந்த விடுதலைக் கிளர்ச்சியைப் பெரும்பாலான பத்திரிகைகள் கலகம் என்று எழுதி முடித்துக்கொண்டன. இஷிபாஷியோ, வேறோர் இனத்துக்கு அடிமைப்பட்டிருப்பதை மகிழ்ச்சியாக ஏற்ற இனம் வரலாற்றில் அநேகமாக இல்லை என்றும், விடுதலை கிடைக்கும்வரை கொரியரின் எதிர்ப்பு ஓயாது என்றும் எழுதினார். அதே ஆண்டு அக்டோபரில்தான் இதழ் வாரந்தோறும் வரத் தொடங்கியது.

இனி 1921. இந்த ஓராண்டைப் பற்றி விரிவாகச் சொல்லாமல் கேள்விக்குப் பதில் சொல்ல இயலாது. வாஷிங்டனில் கடற்படைக் குறைப்பு மாநாடு கூடப்போகிறது என்ற செய்தி வந்ததும், ஜூலை 23 இதழில், எல்லாவற்றையும் துறக்கும் துணிவு வேண்டும் என்ற கருத்தில் ஒரு தலையங்கம் வந்தது. மஞ்சூரியாவை விடுங்கள், ஷாந்துங்கை விடுங்கள், சீனாவின் மீது செலுத்தும் அழுத்தம் முழுவதையும் விடுங்கள், கொரியாவுக்கும் தைவானுக்கும் விடுதலை கொடுங்கள் என்பது அதன் கோரிக்கை. அடுத்த வாரம் முதல் மூன்று இதழ்களில், பெரிய ஜப்பான் என்பது ஒரு மாயை என்று மெய்ப்பிக்கும் நீண்ட கட்டுரையை இஷிபாஷி எழுதினார். அறவுரையை எதிர்பார்த்து அதைத் திறப்பவர் வியப்படைவார். அது ஏறக்குறைய ஒரு கணக்குப் புத்தகம். 1920ஆம் ஆண்டு வாணிபத்தை எடுத்துக்கொள்கிறார். கொரியா, தைவான், மஞ்சூரியாவின் குவாந்துங் பகுதி ஆகிய மூன்றுடனும் ஜப்பான் செய்த ஏற்றுமதி இறக்குமதி எல்லாம் சேர்ந்து சுமார் 90 கோடி யென். அதே ஆண்டில் அமெரிக்காவுடன் மட்டும் 140 கோடி யென்னுக்கு மேல். இந்தியாவுடனும் பிரிட்டனுடனும் நடந்த வாணிபம் ஒவ்வொன்றும் அந்த மூன்றுள் ஓரிடத்துக்கோ ஈரிடங்களுக்கோ ஈடாக நிற்கிறது. ஜப்பானியத் தொழிலின் உயிர்நாடியான பஞ்சு இந்தியாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும்தான் வருகிறது. இரும்பும் நிலக்கரியும் கம்பளியும் காலனிகளிலிருந்து போதிய அளவு கிடைப்பதில்லை. அப்படியானால் வாழ்வுக்கு இன்றியமையாதது எது? கைப்பற்றிய நிலமா, கைப்பற்றாத நட்பா?

அடுத்து மக்கள்தொகை. நெரிசலான நாட்டுக்குக் குடியேற்ற நிலம் வேண்டும் என்பது அன்றைய பொது நம்பிக்கை. அவர் எண்ணிக் காட்டுகிறார்: கொரியா, தைவான், சகாலின், மஞ்சூரியா, சீனா என எல்லாம் கூட்டினாலும் வெளியே வாழும் ஜப்பானியர் 8 லட்சத்தை எட்டவில்லை. உள்நாட்டில் இருப்போர் 6 கோடி. 8 லட்சம் பேருக்காக 6 கோடிப் பேரின் நலனை ஆபத்தில் வைப்பது எந்தக் கணக்கில் சேரும் என்பது அவருடைய வாதம். பாதுகாப்பைப் பற்றியும் அதே முறையில்தான் பேசுகிறார். பிறர் நம் நாட்டைத் தாக்குவார்கள் என்றால் நாம் வெளியே வைத்திருக்கும் நிலங்களுக்காகத்தான் தாக்குவார்கள். அவற்றை விட்டுவிட்டால் தீப்பற்றும் பொருளே இருக்காது. இந்தக் கட்டுரையின் சிறப்பு இதுதான்: கொரியரின் உரிமையை அவர் 1919இலேயே பேசியிருந்தார், 1921இல் அந்த உரிமையை ஏற்காதவரும் மறுக்க முடியாத தளத்தில் நின்று பேசினார். வங்கி மேலாளரும் பஞ்சு வணிகரும் அறியாத எண் எதுவும் அதில் இல்லை. தங்கள் பேரேட்டில் இருப்பதைத் தங்கள் இதழ் கூட்டிக் காட்டியது, அவ்வளவே. கேட்டவரின் முதல் ஐயத்துக்கு, வணிகரை நம்பிப் பிழைக்கும் இதழால் அது எப்படி முடிந்தது என்பதற்கு, என் விடை இந்தக் கட்டுரையில் இருக்கிறது. எதிர்ப்புக் கருத்து வணிகரின் மொழியிலேயே சொல்லப்பட்டது. ஆயினும் அது வணிகரையும் அரசையும் மாற்றவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மாநாட்டில் கடற்படை குறைந்தது, காலனிகள் அப்படியே இருந்தன.

இதே முறை பொன் திட்ட விவாதத்திலும் தெரிகிறது. முதல் உலகப்போரின்போது ஜப்பான் தங்க ஏற்றுமதியை நிறுத்தியது. பிறகு யென்னின் மதிப்பு இறங்கிவிட்டது. 1897ஆம் ஆண்டின் பழைய மதிப்பிலேயே, அதாவது 100 யென்னுக்கு ஏறத்தாழ 49.85 டாலர் என்ற விகிதத்திலேயே, மறுபடி தங்கத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது நாட்டின் மானப் பிரச்சினையாகவே பார்க்கப்பட்டது. இஷிபாஷியும், 1924 முதல் 1926 வரை இதழில் ஆசிரியப் பொறுப்பு வகித்த தகாஹாஷி கமேகிச்சியும், வேறு இரண்டு பத்திரிகையாளர்களும் சேர்ந்து, இறங்கிய சந்தை மதிப்பையே புதிய மதிப்பாக வைத்துத் திரும்பலாம், இல்லாவிட்டால் விலைகளையும் கூலியையும் வலிந்து அழுத்த வேண்டிவரும் என்று எச்சரித்தார்கள். சிறுபான்மையினராகிய அவர்களின் பேச்சு எடுபடவில்லை. நிதியமைச்சர் இனோஉயே ஜுன்னோசுகே 1930 ஜனவரி 11 அன்று பழைய மதிப்பிலேயே தடையை நீக்கினார். உலகப் பெருமந்தமும் சேர்ந்துகொள்ள, பட்டு விலை வீழ்ந்து கிராமங்கள் நொறுங்கின. 1931 டிசம்பரில் தகாஹாஷி கொரேகியோ நிதியமைச்சராக வந்தவுடன் தடையை மீண்டும் விதித்தார், 1932 முடிவில் 100 யென் ஏறத்தாழ 20 டாலருக்கு வந்துவிட்டது, ஏற்றுமதி மீண்டது. இவர்கள் பெருமந்தத்தையே முன்கூட்டிச் சொன்னார்கள் என்று சிலர் எழுதுவது மிகை. நாணய மதிப்பைப் பற்றிச் சொன்னது சரியாயிற்று. உலகச் சரிவின் ஆழத்தை அவர்கள் உட்பட யாரும் முன்னறிந்திருக்கவில்லை.

இந்த விவாதம் இதழின் வாசகரைப் பெருக்கியது. 1931இல் அலுவலகம் உஷிகோமேயிலிருந்து நிஹோன்பாஷிக்கு மாறியது. அதே ஆண்டில் பொருளாதாரச் சொற்பொழிவுகளுக்கான ஒரு மன்றமும் தொடங்கியது. 1934 மே மாதம் 'ஓரியண்டல் எக்கானமிஸ்ட்' என்ற ஆங்கில மாத இதழ் வந்தது. 1936 ஜூனில் 'கைஷா ஷிகிஹோ' என்ற நிறுவனக் காலாண்டுக் கையேடு பிறந்தது. நான் மேலே சொன்ன என் மேசைக் கையேடு இதுதான். இன்று அது 2,000 பக்கங்களுக்கு மேல் தடித்து, பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட எல்லா நிறுவனங்களுக்கும் பக்கத்துக்கு இரண்டாக இடம் தருகிறது. கம்பெனி தன்னைப் பற்றிச் சொல்லும் இலாப மதிப்பீட்டை அப்படியே வெளியிடாமல், அந்தத் துறையைக் கவனிக்கும் நிருபர் தம் சொந்த மதிப்பீட்டை எழுதுவார். இரண்டும் வேறுபட்டால் சந்தை அதைக் கவனிக்கும். இந்தக் கையேட்டையும் 1921 கட்டுரையையும் நான் வேறு வேறாகப் பார்ப்பதில்லை. சொல்பவரின் சொல்லை ஏற்காமல் எண்ணைத் தானே கூட்டிப் பார்ப்பது இரண்டுக்கும் பொது. புள்ளிவிவரத் தொகுப்புகளிலும் இதே உழைப்பு தெரிகிறது: 1927இல் மெய்ஜி, தைஷோ காலப் புள்ளிவிவரங்களையும், 1935இல் வெளிநாட்டு வாணிபக் கணக்குகளையும் பெருந்தொகுதிகளாக வெளியிட்டார்கள். ஆய்வாளர்கள் இன்றும் அவற்றை எடுத்தாள்கிறார்கள். பிரிட்டன் பொருளியலாளர் கெயின்ஸின் 'பொதுக் கோட்பாடு' நூலின் ஜப்பானிய மொழிபெயர்ப்பை 1941இல் வெளியிட்டதும் இதே நிறுவனம்தான்.

இப்போது ஐயத்துக்குரிய பகுதி. 1931 செப்டம்பரில் மஞ்சூரியாவில் படை நகர்ந்தபோது, பெரிய நாளிதழ்கள் ஆரவாரித்துக்கொண்டிருக்க, இஷிபாஷி அடுத்தடுத்து எழுதிய தலையங்கங்களில் சீன மக்களின் தேசிய உணர்வை மதிக்காமல் அங்கே எதையும் தீர்க்க முடியாது என்று சொன்னார். இது உறுதி. ஆனால் 1932இல் மஞ்சூகுவோ என்ற பொம்மை அரசு நிறுவப்பட்ட பின் இதழின் தொனி மாறியது. நடந்துவிட்டதை நடந்ததாக எடுத்துக்கொண்டு, அதன் பொருளாதார விளைவுகளைப் பற்றி அறிவுரை சொல்லும் தொனி வந்தது. 1937க்குப் பிறகு போரை நேரடியாக மறுக்கும் தலையங்கங்களைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். இதைப் பின்வாங்கல் என்று சொல்லும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள்; தணிக்கையின் கீழ் எழுத முடிந்த எல்லையில் நின்ற மறைமுக எதிர்ப்பு என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். நான் படித்த அளவில் இரண்டுமே ஒருபாதி உண்மை என்று தோன்றுகிறது. 'சிறிய ஜப்பான்' என்ற கோரிக்கையைப் போர்க்காலத்தில் இதழ் பேசவில்லை. அந்த வகையில் அது பணிந்தது. ஆனால் தாள், நிலக்கரி, கடன் பத்திரங்கள், விலைவாசி பற்றிய எண்களை விடாமல் வெளியிட்டுக்கொண்டிருந்தது. உற்சாகக் கூச்சலை எண்ணுக்கு மாற்றாக அது வைக்கவில்லை. படிக்கத் தெரிந்தவருக்கு அந்த எண்களே போதிய செய்தி.

இராணுவத்தின் நெருக்கடி உண்மையானது என்பதில் ஐயமில்லை. தாள் ஒதுக்கீடு குறைக்கப்பட்டுப் பக்கங்கள் மெலிந்தன. அலுவலகத்துக்குள்ளேயே சிலர் இஷிபாஷி விலகினால் இதழ் தப்பிக்கும் என்று கருதினார்கள். இதழின் மரபைக் கெடுத்து உயிர்வாழ்வதைவிட மூடிவிடுவதே மேல் என்று தாம் நின்றதாக அவர் பின்னாளில் எழுதியிருக்கிறார். தம்மைப் பற்றித் தாமே எழுதியது என்பதை மனத்தில் வைத்துத்தான் அதைப் படிக்க வேண்டும், எனினும் அவர் விலகவில்லை என்பதும் இதழ் நிற்கவில்லை என்பதும் கண்கூடு. ஏன் நிறுத்தப்படவில்லை என்பதற்கு என் ஊகம் இது: வாசகர்கள் தொகையில் சிறியவர்கள், ஆனால் வங்கியாளர்களும் ஆலை நிர்வாகிகளும் அதிகாரிகளுமாக இருந்தார்கள், போரை நடத்துவதற்கே அவர்களுக்கு இந்த எண்கள் தேவைப்பட்டன. இதழின் நடை தூண்டிவிடும் நடையாக இல்லை. அதைவிட உறுதியான ஒன்றும் உண்டு. 1944இல் நிதி அமைச்சகத்துக்குள் போருக்குப் பிந்தைய பொருளாதாரத்தை ஆராய ஒரு குழு அமைய இஷிபாஷியே தூண்டுதலாக இருந்தார். நான்கு முதன்மைத் தீவுகளோடு மட்டும் ஜப்பான் வாழ முடியுமா என்று மற்ற அறிஞர்கள் கலங்கியபோது, முடியும் என்று அவர் வாதிட்டதை அந்தக் குழுவில் இருந்த பொருளியலாளர் நகயாமா இச்சிரோ பதிவு செய்திருக்கிறார். 1921ஆம் ஆண்டுக் கட்டுரையை இஷிபாஷி மனத்திலிருந்து அழிக்கவே இல்லை. 1944இன் தொடக்கத்தில்தான் அவருடைய இரண்டாவது மகன் பசிபிக் தீவான குவாஜலினில் போரில் மாண்டிருந்தான்.

1945இல் தோக்யோ எரிந்துகொண்டிருக்க, அலுவலகத்தின் ஒரு பகுதியும் அச்சு வேலையும் அகிதாவின் யோகோதே என்ற சிற்றூருக்குப் பெயர்ந்தன. மச்சிதா பிறந்த மாநிலத்துக்கே இதழ் போய்ச் சேர்ந்தது. சரணடைவு அறிவிக்கப்பட்டபோது இஷிபாஷி அங்கேதான் இருந்தார். ஆகஸ்ட் 25 இதழில், புத்துயிர் பெறும் ஜப்பானின் முன்னே வழி விரிந்து கிடக்கிறது என்ற பொருளில் அவர் தலையங்கம் எழுதினார். நாடே திகைத்துக் கிடந்த பத்தாவது நாளில் வந்த அந்த எழுத்தை வெறும் ஆறுதல் என்று எண்ணத் தோன்றும். ஆனால் நிலங்களை இழந்தால் நட்டமில்லை என்று 24 ஆண்டுகளுக்கு முன்பே கூட்டிப் பார்த்தவர் வேறு எப்படி எழுதியிருப்பார்? போருக்குப் பின் நாடு வளர்ந்ததை அவருடைய கணக்குக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். அமெரிக்கச் சந்தை திறந்திருந்ததும் இராணுவச் செலவு சுருங்கியதும் அந்த வளர்ச்சிக்குத் துணைநின்றவை. எனினும் அவையே அவர் 1921இல் கேட்டவை என்பதால் அந்தச் சான்று பொய்யாகாது.

அதன் பின் நடந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன், ஏனெனில் அது பெரும்பாலும் ஒரு மனிதரின் அரசியல் வரலாறு. இஷிபாஷி 1946 மே மாதம் பிரதமர் யோஷிதாவின் அமைச்சரவையில் நிதியமைச்சரானார். ஓராண்டில், 1947 மே மாதம், போரில் வென்ற நேச நாடுகளின் ஆக்கிரமிப்பு நிர்வாகம் அவரைப் பொதுவாழ்விலிருந்து நீக்கியது. அவர் நடத்திய இதழ்கள் பேரரசுக் கொள்கையை ஆதரித்தன என்பது காரணமாகக் காட்டப்பட்டது. 1921ஐப் படித்தவர் எவரும் இதை ஏற்க மாட்டார். ஆக்கிரமிப்புப் படையின் செலவைக் குறைக்கச் சொல்லி அவர் முரண்டுபிடித்ததே உண்மைக் காரணம் என்று பலர் கருதுகிறார்கள். அந்தக் கருத்து வலுவானது, முடிந்த முடிவன்று. 1951இல் தடை நீங்கியது. 1956 டிசம்பரில் ஆளுங்கட்சியின் தலைமைத் தேர்தலில் கிஷி நொபுசுகேயை 258க்கு 251 என்ற கணக்கில் வென்று பிரதமரானார். நோயால் 65 நாளில் விலகினார். 1973இல் மறைந்தார்.

இதழோ அவரில்லாமலும் ஓடியது. 1913இல் ஒரு மணிச்சட்டத்தின் (அபாகஸ்) துணையோடு கம்பெனிக் கணக்குகளைப் பிரிக்கத் தொடங்கிய 'டைமண்ட்', 1923இல் நாளிதழ் ஒன்று தொடங்கிய 'எக்கானமிஸ்ட்டோ', 1969இல் வந்த 'நிக்கெய் பிசினஸ்' என்று போட்டியாளர்கள் சூழ, 'வாராந்தர தோயோ கெய்ஸாய்' என்ற இன்றைய பெயரோடு நிற்கிறது. வீட்டுமனை, மருத்துவமனை, பள்ளிச் சேர்க்கை என்று அட்டைப்படக் கட்டுரைகள் இன்று நடுத்தர வர்க்கக் கவலைகளைத்தான் பெரும்பாலும் பேசுகின்றன. பழைய தலையங்கத்தின் கனம் எனக்கு அதில் அரிதாகவே கிடைக்கிறது. 'டைமண்ட்' வார இதழ் 2025 வசந்தத்தில் கடை விற்பனையை நிறுத்திச் சந்தாவுக்கு மாறியது. அச்சு வார இதழ்களின் காலம் குறுகுவதற்கு அது ஓர் அறிகுறி. தோயோ கெய்ஸாயின் வாசகர் கூட்டமும் பெரிதும் இணையத்துக்குப் போய்விட்டது. நிறுவனம் நிற்பதற்கு இதழைவிடக் காலாண்டுக் கையேடும் அதன் பின்னே இருக்கும் தரவுத் தொகுப்பும்தான் இன்று அதிகம் உதவுகின்றன என்று துறையில் இருப்பவனாக நான் கருதுகிறேன்.

இறுதியாக, எங்கிருந்து படிக்கத் தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். ஜப்பானிய மொழி தெரிந்தால், 1970இலிருந்து 1972வரை 15 தொகுதிகளாக வந்த இஷிபாஷியின் முழுத்தொகுப்பில் 1921 ஜூலை, ஆகஸ்ட் பகுதியை முதலில் திறக்கவும்; வாதத்தைப் பிறகு படிக்கலாம், முதலில் அட்டவணையைப் பாருங்கள். தெரியாதவர்கள், பெரிய பல்கலைக்கழக நூலகங்களில் கட்டுத் தொகுதிகளாகக் கிடைக்கும் ஆங்கில 'ஓரியண்டல் எக்கானமிஸ்ட்' இதழ்களை 1934இலிருந்து வரிசையாகப் புரட்டுங்கள். 1937இலிருந்து 1944 வரையிலான இதழ்களில் முகப்புத் தலையங்கத்தையும் பின்பக்கப் புள்ளிவிவரத்தையும் அருகருகே வைத்துப் படித்தால், பணிந்ததா எதிர்த்ததா என்ற கேள்விக்கு என்னை நம்பாமல் நீங்களே விடை கண்டுகொள்ளலாம்.